பதினாலாம் நம்பர் சூடு

அத்தியாயம் 6

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டபோது ஹோபி ஸ்பர்லாக் எலிப்பொறியைப் பற்றி ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். ஜோக் பாதியில் நின்றது.

நிலவறையிலிருந்து மேலே போகப் பதினோரு படிகள். உச்சியில் ஓர் இரும்புக் கதவு. ஹோபி மூன்று தாவலில் ஏறிப்போய்த் தோளால் மோதினான். கதவு அசையவில்லை. தோள்தான் அசைந்தது.

"மிஸ் டெல்லா, நம்மளை யாரோ உள்ளே வச்சுப் பூட்டிட்டாங்க."

"கேட்டுச்சு."

"காத்து அடிச்சு சாத்திக்கிச்சுன்னு சொல்லுங்களேன். ஆறுதலா இருக்கும்."

"காத்துக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியாது ஹோபி. இறங்கி வா. இந்த நம்பரைப் படி."

டெல்லா ரேட்லிஃபுக்கு ஐம்பத்தெட்டு வயது. குச்சி மாதிரி உடம்பு. மாநில ஆயுதக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் பதிவேடு பார்த்துவிட்டு, இப்போது தனியாகப் பழைய துப்பாக்கிகளின் பூர்வீகம் துருவிக்கொண்டிருந்தாள். இந்தத் துப்பாக்கி இன்னது, இன்னாரிடமிருந்து இன்னாருக்கு வந்தது என்று அவள் ஒரு கடிதம் கொடுத்தால், சேகரிப்பவர்கள் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். இதுவரை ஒரு பொய் வரி எழுதியதில்லை. அவளுடைய சொத்து அது ஒன்றுதான்.

ஹோபியின் சொத்து வாய். ஏலக் கூடத்தில் விலை கூவிக்கொண்டிருந்தவன், இப்போது டெல்லாவுக்கு உதவியாள். அப்பன், பாட்டன் எல்லாம் நிலக்கரிச் சுரங்கம். அவனும் பதினெட்டு வயதில் ஒருநாள் சுரங்கத்தில் இறங்கினான். பத்தே நிமிஷத்தில் "என்னை மேலே விடுங்க" என்று அழுதான். அன்றையிலிருந்து கூரை தாழத் தாழ அவனுக்கு ஜோக் அதிகமாக வரும். இந்த நிலவறையின் கூரை அவன் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

விவகாரம் இதுதான். மேற்கு வர்ஜீனியா மலைமடிப்பில் லாரல் ஃபோர்க் என்ற ஊர். அங்கே முன்னாள் ராணுவத்தினர் மன்றம் ஒன்று. மன்றத்துக் கூரை ஒழுகியது. சுவரில் ஒரு பழைய ராணுவ ஷாட்கன் தொங்கியது. 1918-ல் பிரான்ஸில், ஆர்கான் காட்டுச் சண்டையில், அந்த ஊர்க் கார்ப்பொரல் எவெரெட் லைவ்லி பதுங்குகுழிக்குள் கையில் வைத்திருந்த துப்பாக்கி என்பது ஊர்க்கதை. சின்சினாட்டியில் ஒரு சேகரிப்பாளர், அதை டெல்லா எழுத்தில் உறுதிசெய்தால் முப்பதாயிரம் டாலர் தருகிறேன் என்றிருந்தார்.

"வெறும் துப்பாக்கிக்கு ஆறாயிரம்" என்று வரும் வழியில் டெல்லா கணக்குச் சொன்னாள். "மீதி இருபத்து நாலாயிரம் கதைக்கு."

"அப்போ நான் தொழில் மாறிடறேன்" என்றான் ஹோபி. "என்கிட்ட கதை நிறைய இருக்கு. துப்பாக்கிதான் இல்லை."

காலை ஒன்பது மணிக்கு அவர்கள் மன்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒன்பதரைக்கு ஓடை பொங்கிப் பாலத்தின் மேல் ஏறிவிட்டது. வந்தவழி மூடிக்கொண்டது. மன்றத் தலைவர் வெண்டல் டேக்கெட் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுபத்தொரு வயது, வியட்நாம் சண்டைக்குப் போனவர், மன்றத்துத் தொப்பியைக் காது மறைய இழுத்து மாட்டியிருந்தார். விருந்தாளி ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பின்னாலேயே வந்து விளக்கை அணைப்பார். "கரன்ட் பில் நான்தான் கட்டறேன் தம்பி" என்று ஹோபியிடம் மட்டும் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

சமையலறை ரோஸலி ப்ளெவின்ஸின் ராஜ்யம். அறுபத்து நாலு வயது. எவெரெட் லைவ்லியின் மகள் வயிற்றுப் பேத்தி. வந்தவர்களை "வாங்க கண்ணுங்களா" என்று உட்கார வைத்து, பீன்ஸும் சோள ரொட்டியும் வேகும்வரை காப்பி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

டெல்லா அரை மணி நேரம் துப்பாக்கியைப் புரட்டினாள். குழல் சூட்டில் கை பொசுங்காமலிருக்க மேலே ஓட்டைத் தகடு ஒன்று மாட்டியிருந்தது. ஓட்டைகள் ஆறு வரிசை. இரண்டாம் உலகப்போர்த் துப்பாக்கியென்றால் பெரும்பாலும் நாலு வரிசைதான். ராணுவ முத்திரை அதன் இடத்தில் இருந்தது. எதையும் பாலிஷ் போட்டுக் கெடுக்கவில்லை.

"துப்பாக்கி அசல்" என்றாள் ஹோபியின் காதோரம். "கதைதான் உதைக்குது. இங்கே பார்."

மரக்கட்டையின் அடியில் 14 என்று கறுப்பாகச் சூடு போட்டிருந்தது.

"மாட்டுக்குப் போடற மாதிரி" என்றான் ஹோபி.

"அதேதான். ராணுவம் முத்திரை குத்தும். பழுக்கக் காய்ச்சின கம்பியால சூடு வைக்கறது திருட்டுக்குப் பயந்த முதலாளியோட வேலை."

துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஒரு புகைப்படம். இரும்புத் தொப்பி போட்ட ஒரு சிப்பாய் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, அதே துப்பாக்கியை மார்புக்குக் குறுக்கே பிடித்திருந்தான். கீழே மையில் 'கார்ப்பொரல் லைவ்லி, ஆர்கான், அக்டோபர் 1918' என்று எழுதியிருந்தது. அதற்கும் பக்கத்தில் பதக்கச் சான்று. அதை ஹோபி ஏலக்குரலில் வாசித்தான். "அக்டோபர் மாதத்தின் கடைசியில், இடது கையில் இரண்டு விரல்களை இழந்த பின்னும், காயமுற்ற தோழனைச் சுமந்துவந்த..." நவம்பர்தோறும் படைவீரர் நாளில் ஊரே எழுந்து நின்று கேட்கிற வாசகம்.

இந்தக் கட்டடம் ஒரு காலத்தில் சுரங்கக் கம்பெனியின் கடையாக இருந்தது என்று சொன்னவர் வெண்டல்தான். "அந்தக் காலத்துப் புத்தகமெல்லாம் கீழே கிடக்கு. மூணாவது அலமாரி, அடித்தட்டு. நான் வரலை. முட்டி போச்சு. அந்தப் படியில இறங்கி இருபது வருஷமாச்சு."

துப்பாக்கியையும் புகைப்படத்தையும் தூக்கிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். கால் மணி நேரத்தில் தாழ்ப்பாள் விழுந்தது.

ஹோபி கத்திப் பார்த்தான். ஏலக் கூடத்தின் கடைசி வரிசைவரை எட்டுகிற குரல். மேலே தகரக் கூரையில் மழை அதைவிடப் பெரிய குரலில் கத்தியது. செல்போன் அந்தப் பள்ளத்தாக்கில் நேரம் பார்க்க மட்டுமே உதவும். பார்த்தான். பகல் பன்னிரண்டு பத்து.

"கத்தி முடிச்சாச்சுன்னா வா" என்றாள் டெல்லா. அவள் முன்னால் ஒரு தடித்த பேரேடு விரிந்திருந்தது. "கம்பெனி ராணுவ உபரிச் சரக்கு ஏலத்துல 1920-ல இருபது ஷாட்கன் எடுத்திருக்கு. சுரங்கக் காவலாளிகளுக்குக் கொடுக்க. ஒண்ணுலேருந்து இருபதுவரை நம்பர் சூடு. பதினாலுக்கு நேரா என்ன தொடர் எண் இருக்கு, வாசிக்கிறேன். நீ துப்பாக்கியில பார்."

அவள் ஆறு இலக்கம் வாசித்தாள். துப்பாக்கியின் வயிற்றில் அதே ஆறு இலக்கம்.

"அப்போ இது பிரான்ஸையே பார்க்கலை" என்றான் ஹோபி.

"பார்த்திருக்கலாம். ஆனா லைவ்லி கையோட வரலை. கம்பெனி வாங்கி, ஓடிஸ் ஃபாரோங்கற காவலாளிகிட்ட கொடுத்திருக்கு. அந்த வரியிலேயே சிவப்பு மை பார். 'ஜூன் 26, 1921. ஃபாரோ கொலை. துப்பாக்கி காணவில்லை.'"

அந்தப் பக்கத்துக்குள் ஒரு செய்தித்தாள் துண்டு இருந்தது. 1921-ம் வருஷத்து வேலைநிறுத்தத்தின்போது காவலாளி ஃபாரோவைக் கொன்றதாக சைலஸ் மேனார்ட் என்ற பத்தொன்பது வயதுச் சுரங்கத் தொழிலாளிக்கு ஆயுள் தண்டனை. ஃபாரோவின் துப்பாக்கி கடைசிவரை அகப்படாததால் தூக்கு இல்லை. நான்கு வருஷம் கழித்து அவன் சிறையிலேயே காசநோயில் செத்தான் என்று யாரோ ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

டெல்லா அந்தத் துண்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

"ஹோபி, 1921-ல பிளாஸ்டிக் உறை உண்டா?"

"எங்க வீட்டுல இன்னைக்கே கிடையாது."

"யாரோ சமீபத்துல வச்சது. நாம பார்க்கணும்னே வச்சது."

ஹோபி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூலையில் கழிவுநீர்க் குழியின் இரும்பு மூடி மெல்ல எழும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன் விளிம்பிலிருந்து பழுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்து அவன் பூட்ஸை நோக்கி வந்தது.

"மிஸ் டெல்லா. ஓடை நம்மளைப் பார்க்க உள்ளே வந்திருக்கு."

அவள் எழுந்து பேரேட்டை மேல்தட்டில் வைத்தாள். "படியில ஏறி நில்லு. கதவைத் தட்டிக்கிட்டே இரு."

தட்டினான். கை வலிக்கத் தட்டினான். தண்ணீர் முதல் படியை மூடியது. சுரங்கத்தில் இறங்கிய அன்று நெஞ்சுக்குள் உட்கார்ந்த அதே கல் இப்போது திரும்ப வந்து உட்கார்ந்தது. மூச்சு பாதிதான் போயிற்று. மீதியை வாயால் சமாளித்தான்.

"வெண்டல்தான் பூட்டினது. கிழவனுக்கு முப்பதாயிரம் போயிடுமோன்னு பயம். நாம செத்தா கரன்ட் பில்லும் மிச்சம்."

"அவர் இல்லை."

"எப்படி?"

"தலைக்கு மேல பார்."

ஹோபி பார்த்தான். ஒற்றைக் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கு. இறங்கறப்ப பார்த்தேன். வெண்டல் டேக்கெட் ஒரு கதவைச் சாத்தினா விளக்கு அணையும். அவர் கைக்கு அது அனிச்சைச் செயல். இதைப் பூட்டின ஆள் விளக்கை விட்டுவச்சிருக்கு. ரெண்டு பேரு இருட்டுல உட்கார வேண்டாமேன்னு இரக்கப்பட்ட ஆள். இன்னொண்ணு, இருபது வருஷமா கீழே இறங்காத மனுஷனுக்கு மூணாவது அலமாரி அடித்தட்டுன்னு எப்படித் தெரியும்? முட்டி வலியோட இறங்கி வந்து, அந்தத் துண்டை உறையில போட்டு வச்சதே அவர்தான். நாம கண்டுபிடிக்கணும்னு ஆசைப்பட்டவர் ஏன் பூட்டணும்?"

கட்டடத்தில் மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆள். ஹோபிக்குச் சோள ரொட்டி வாசனை ஞாபகம் வந்தது.

"ரோஸலியா? என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டாங்களே."

"அந்தப் படத்தைக் கொடு" என்றாள் டெல்லா. தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டிருந்தது. அவள் புகைப்படத்தைப் பல்புக்கு நேராகப் பிடித்தாள். "மணல் மூட்டைக்குப் பின்னால ஒரு புதர் தெரியுது. தடிச்ச இலை, கொத்துக் கொத்தாப் பூ. என்ன செடி?"

"பெரிய லாரல். எங்கம்மா கல்லறையைச் சுத்தி அதுதான். ஜூன் கடைசியிலதான் பூக்கும்." சொல்லிவிட்டு ஹோபி நிறுத்தினான். "அக்டோபர்ல, பிரான்ஸ்ல, எங்கம்மா கல்லறைச் செடி எப்படிப் பூத்துச்சு?"

"பூக்கலை. இந்தப் படம் இந்த மலையில எடுத்தது. துப்பாக்கி காணாமப்போன அந்த ஜூன் கடைசியிலதான். முதல்ல இதைப் பெருமைக்குச் சொன்ன கதைன்னு நினைச்சேன். இல்லை, மறைக்கச் சொன்ன கதை. துப்பாக்கி பிரான்ஸ்லேருந்து வந்துச்சுன்னா, செத்த ஃபாரோ கையிலேருந்து வரலைன்னு ஆயிடுமில்ல?"

"அப்போ லைவ்லிதான் ஃபாரோவைச் சுட்டது. அந்தச் சின்னப் பையன் சைலஸ் அநியாயமா ஜெயிலுக்குப் போயிட்டான்."

"நானும் ரெண்டு நிமிஷம் அப்படித்தான் நினைச்சேன். விரலை எண்ணு."

ஹோபி எண்ணினான். துப்பாக்கியைத் தாங்கிய இடது கை கேமராவுக்கு நேராக இருந்தது. கட்டைவிரல் ஒன்று, மற்றவை நாலு. வலது கையிலும் அப்படியே.

"பத்து."

"லைவ்லிக்கு 1918-லேயே ரெண்டு விரல் போயிடுச்சு. ஊரே வருஷா வருஷம் எழுந்து நின்னு கேக்குது. 1921-ல எடுத்த படத்துல பத்து விரலோட நிக்கறவன் லைவ்லியா இருக்க முடியாது. கீழே ஒரு பேரை எழுதிட்டா, மேலே இருக்கிற முகத்தை ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க ஹோபி."

"அப்போ இது யாரு?"

"மேலே போய்க் கேட்போம். இந்தக் கடையை எதை வச்சுச் சூடாக்கியிருப்பாங்க?"

"நிலக்கரி."

"நிலக்கரியை வாசல் வழியாவா கொண்டுவந்திருப்பாங்க?"

பின்சுவரில் காலிப் பெட்டிகளை இழுத்துத் தள்ளினார்கள். அங்கே இருந்தது அது. வெளியிலிருந்து வண்டிக்காரன் கரி கொட்டுவதற்கான தகரச் சரிவு. உச்சியில் ஒரு மரமூடி, அதன் இடுக்கில் ஒரு கோடு பகல் வெளிச்சம். குறுக்களவு ஒரு பீப்பாயைவிடக் குறைவு.

டெல்லா முதலில் போனாள். ஹோபி அவள் பூட்ஸைத் தோளில் தாங்கித் தள்ளினான். நூறு வருஷத்துக் கரித்தூள் அவன் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. மேலே மூடி உடைகிற சத்தம், பிறகு மழையின் சத்தம்.

"பேரேட்டைக் கொடு. படத்தைக் கொடு. இப்போ நீ வா."

அவன் தலையை நுழைத்தான். தோளை நுழைத்தான். பாதிச் சரிவில் இடுப்பு சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் இறங்கவில்லை. தகரம் நான்கு பக்கமும் அவனை இறுக்கிப் பிடித்தது. கீழே தண்ணீர் அவன் பூட்ஸை நக்கியது. அவனுக்குச் சொல்ல ஒரு ஜோக்கும் வரவில்லை.

"மிஸ் டெல்லா. என்னால முடியலை."

"துப்பாக்கி உன் கையிலதானே இருக்கு? நீட்டு. கட்டைப் பக்கம் எனக்கு, குழல் பக்கம் உனக்கு. காலியான துப்பாக்கிதான், பயப்படாதே. மூச்சை முழுசா வெளியே விடு. வயிறு உள்ளே போகும்."

அவன் நீட்டினான். அவள் அந்தப் பதினாலாம் நம்பர் சூட்டின்மேல் இரண்டு கையையும் வைத்து, சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். ஹோபி நெஞ்சிலிருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டான். சட்டை கிழிந்தது. தோலும் கொஞ்சம் போயிற்று. பிறகு முகத்தில் மழை விழுந்தது.

சேற்றில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவன் வானத்தைப் பார்த்தான். "முப்பதாயிரம் டாலர் கயிறு" என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே. "எங்க குடும்பத்துல இவ்வளவு விலைகொடுத்து யாரையும் காப்பாத்தினதில்லை."

சமையலறை வழியாக உள்ளே வந்தபோது, நிலவறைக் கதவின் முன்னால் ரோஸலி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் இறைச்சி தட்டுகிற இரும்புச் சுத்தி. அதை வைத்துத் தாழ்ப்பாளை அடித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். இருபது வருஷமாகப் போடாத தாழ்ப்பாள். போட வந்தது, எடுக்க வரவில்லை. அவள் திரும்பினாள். கரிபூசிய இரண்டு உருவங்களைப் பார்த்ததும் சுத்தி கைநழுவியது.

"அரை மணி நேரம்னு நினைச்சேன்" என்றாள். "பாலம் பார்க்கப்போன வெண்டலை அப்படியே வீட்டுக்கு அனுப்பிட்டு, வந்து உங்க கையைக் காலைப் பிடிக்கலாம்னு. தண்ணி உள்ளே வரும்னு சத்தியமா நினைக்கலை கண்ணு."

டெல்லா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. "உங்க தாத்தா பேரைக் காப்பாத்தவா இவ்வளவும்?"

"எங்க தாத்தா பேருக்கு என்ன? அவர் அந்தப் பேரைக் கேக்கவே இல்லை. நவம்பர் வந்தா, கூட்டம் முடியறவரை கொல்லையில போய் நிப்பார்." ரோஸலி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வெண்டலுக்காகத்தான். சைலஸ் மேனார்ட் அவனுக்குத் தாய்மாமன். வியட்நாம்லேருந்து வந்து பதினோரு வருஷம் குடியில கிடந்தான். அந்தப் பேப்பர் துண்டு அவன் அம்மா பெட்டியில கிடைச்ச அன்னைக்குத்தான் பாட்டிலைக் கீழே வச்சான். செய்யாத குத்தத்துக்கு மாமன் செத்தான், அதை நிரூபிக்காம நான் சாக மாட்டேன்னு. அந்த ஒரு முளையிலதான் அவன் உசிரைக் கட்டி வச்சிருக்கான். அதை நீங்க பிடுங்கப் போறீங்க."

ஹோபி படத்தை மேஜைமேல் வைத்தான். "ரோஸலிம்மா, இது யாரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசற்கதவு திறந்தது. வெண்டல் டேக்கெட் மழையோடு உள்ளே வந்தார். "பாலம் நாளைக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே தொப்பியைக் கழற்றித் தண்ணீரைப் பிழிந்தார். ஹோபி அவரைத் தொப்பியில்லாமல் பார்ப்பது அதுதான் முதல்முறை. காதுகள் இரண்டும் கோப்பைப் பிடிபோல வெளியே நின்றன. ஹோபியின் கண் தானாகப் படத்துக்குத் திரும்பியது. இரும்புத் தொப்பியின் விளிம்புக்குக் கீழே, முகம் நிழலில் இருந்தாலும், அதே இரண்டு பிடிகள் வெயிலில் நன்றாகத் தெரிந்தன.

வெண்டல் கரிபூசிய முகங்களைப் பார்த்தார். தரையில் கிடந்த சுத்தியைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை பேரேட்டில் போய் நின்றது.

"கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார். "காவலாளி துப்பாக்கி லைவ்லி வீட்டுல இருந்துச்சு. அப்போ எங்க மாமன் நிரபராதிதானே? ரோஸலி, மன்னிச்சுக்கோ, உன் தாத்தாவைச் சொல்ல எனக்கு வாய் வரலை. அதான் வெளியாளைக் கூப்பிட்டேன். ஒரே ஒரு வரி போதும் மிஸ் டெல்லா. நீங்க எழுதினா எல்லாரும் நம்புவாங்க."

ரோஸலி டெல்லாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிலவறையில் வந்த அந்தக் கல் ஹோபியின் நெஞ்சில் மறுபடியும் உட்கார்ந்தது. இங்கே கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் யாரும் எங்கும் போக முடியாது.

"நான் பொய் எழுத மாட்டேன் வெண்டல்" என்றாள் டெல்லா மெதுவாக. "உண்மையை எழுதச் சொன்னா எழுதறேன். எதுவும் எழுதாதேன்னா, பாலம் திறந்ததும் கிளம்பிடறேன். எதுன்னு நீங்க சொல்லுங்க."

கிழவர் மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கெட்ட செய்தி கொண்டு வர்றவங்க முகம் எனக்குத் தெரியும்" என்றார். "நானே அந்த மாதிரி முகத்தோட செத்த சிப்பாய்ங்க வீட்டு வாசல்ல நின்னிருக்கேன்." நாற்காலியில் உட்கார்ந்து, புகைப்படத்தைத் தன் பக்கம் இழுத்தார். "எல்லாரும் இதைத்தான் பார்க்கறீங்க. இதுல என்ன இருக்கு? தம்பி, நீ சொல்லு."

ஹோபி டெல்லாவைப் பார்த்தான். அவள் தலையசைக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

"இது பிரான்ஸ் இல்லை சார். பின்னால இருக்கிறது நம்ம லாரல். துப்பாக்கி காணாமப்போன ஜூன் மாசம் எடுத்தது. அந்த ஆளுக்குப் பத்து விரல் இருக்கு." அவன் ஒரு விரலை இரும்புத் தொப்பியின் விளிம்புக்குக் கீழே வைத்தான். "காதைப் பாருங்க சார்."

வெண்டல் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இத்தனை வருஷமாக அந்தப் படத்தைத் தூசி துடைத்தவர் அவர்தான். ஒரு கை மெல்ல மேலே போய் அவருடைய காதைத் தொட்டது.

"எங்கம்மா மாமனோட ஒரு படம்கூட வச்சுக்கலை" என்றார். "நான் சின்னப் பையனா இருக்கறப்ப என் காதைப் பிடிச்சுக்கிட்டு அழுவா. ஏம்மான்னு கேட்டா ஒண்ணுமில்லைன்னுடுவா." விரலால் படத்திலிருந்த முகத்தை ஒற்றினார். "அவன் சிரிக்கிறான் பார் ரோஸலி. நான் கவனிச்சதே இல்லை."

"சுட்ட அன்னைக்கு, மழை விட்டு வெயில் வந்த சாயங்காலம், எங்க தாத்தாவோட இரும்புத் தொப்பியை மாட்டி, வேலைநிறுத்தக்காரங்க அடுக்கின மணல் மூட்டைக்குப் பின்னால நிக்க வச்சு கூட்டாளி எவனோ எடுத்தது" என்றாள் ரோஸலி. "விவரம் தெரியாத வயசு. படத்தை எரிச்சா இன்னொரு பிரதி எங்கேயாவது மிஞ்சும், பேரை மாத்திட்டா எத்தனை பிரதி இருந்தாலும் பயமில்லைன்னு தாத்தாதான் தன் பேரை எழுதினார். துப்பாக்கியையும் தன்னதுன்னார். அது மட்டும் அகப்பட்டிருந்தா உங்க மாமனைத் தூக்குல போட்டிருப்பாங்க."

"உனக்கு எப்போ தெரியும்?"

"தாத்தா சாகறப்ப. எனக்குப் பதினாறு வயசு."

வெண்டல் கணக்குப் போட்டார். உதடு அசைந்தது. நாற்பத்தெட்டு வருஷம். அதில் இருபது வருஷம் அவள் தினமும் இந்தச் சமையலறையில் அவருக்குக் காப்பி ஊற்றியிருக்கிறாள்.

ஹோபி அவர் உடைந்துவிழுவார் என்று எதிர்பார்த்தான். அவர் உடையவில்லை. எட்டி அடுத்த நாற்காலியைக் காலால் வெளியே தள்ளினார்.

"உட்காரு" என்றார். "நாளைக்குவரை யாரும் எங்கேயும் போகப்போறதில்லை. எதுக்குச் சுட்டான்? ஆரம்பத்துலேருந்து சொல்லு. மிஸ் டெல்லா, நீங்க எழுதிக்கோங்க. உள்ளது உள்ளபடி."

டெல்லா கரிக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். ரோஸலி உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மேஜைத் துணியை இரண்டு தடவை நீவிவிட்டாள்.

"அன்னைக்கும் இதே மாதிரி மழை" என்றாள். "வேலைநிறுத்தம் செஞ்சவங்களைக் கம்பெனி வீட்டைவிட்டுத் துரத்தறாங்க. ஃபாரோ உங்க வீட்டுக் கட்டிலைத் தூக்கி வெளியே சேத்துல போட்டான். அந்தக் கட்டில்ல காய்ச்சலோட ஒன்பது வயசுப் பொண்ணு படுத்திருந்துச்சு வெண்டல். அது உங்கம்மா."